புளூட்டோ நிரலை ஒன்றரை வருடம் ஓட்டிய பிறகு: சார்பியல் காந்தப் பாய்மத்துக்கு இது போதுமா?

பெயரைப் பார்த்துவிட்டு ஏதோ கோள் ஆராய்ச்சி என்று நினைக்க வேண்டாம். புளூட்டோ என்பது இத்தாலியில் டூரின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆந்திரேயா மின்யோனேயும் அவர் குழுவும் எழுதிய ஒரு கணிப்பு நிரல். முதல் கட்டுரை 2007-இல் வந்தது. சி மொழியில் எழுதப்பட்டது, இலவசம், மூலநிரல் முழுவதும் திறந்தே கிடக்கிறது. வேலை என்ன என்றால், வாயுவும் பிளாஸ்மாவும் (மின்னேற்றம் பெற்ற வாயு) எப்படி ஓடும் என்று கட்டம் கட்டமாகக் கணக்குப் போட்டுச் சொல்வது. சாதாரணப் பாய்மம், காந்தப்புலம் சேர்ந்த பாய்மம், ஒளிவேகத்தை நெருங்கும் பாய்மம், ஒளிவேகத்தை நெருங்கும் காந்தப் பாய்மம் (தலைப்பில் உள்ள சார்பியல் காந்தப் பாய்மம் இதுதான்) என்று நான்கு பிரிவுகள் உண்டு. நான் பெரும்பாலும் குடியிருந்தது அந்த நான்காவது வீட்டில்தான், அதனால் இந்த விமர்சனமும் அதைப் பற்றித்தான்.

என்னைப் பற்றி ஒரு வரி. எம்எஸ்சி இயற்பியல் முடித்துவிட்டு மென்பொருள் வேலைக்குப் போன ஆள், ஆராய்ச்சியாளன் இல்லை. காலேஜில் விட்டுப்போன ஏக்கம் ஒன்று இருந்தது, அதைத் தீர்த்துக்கொள்ள இரவில் உட்கார்ந்து இதை ஓட்டுகிறேன். எனவே மேதாவிகள் பொறுத்துக்கொள்ளவும்.

முதலில் நிறுவுவது. லினக்ஸ், ஒரு சி கம்பைலர், பைதான், இவ்வளவு போதும். பல கோர்களில் ஓட்ட, வேலையைப் பங்குபோட்டுக் கொடுக்கும் எம்பிஐ என்ற நிரல்தொகுப்பும் வேண்டும். கோப்பை விரித்து, சூழல் மாறி ஒன்றை அமைத்துவிட்டு, பைதான் அமைப்பு நிரலைக் கூப்பிட்டால் டெர்மினலிலேயே பழைய காலத்து மெனு ஒன்று வரும். அம்புக்குறி விசையை வைத்து எந்த இயற்பியல், எத்தனை பரிமாணம், கார்ட்டீசியனா உருளையா கோளமா என்று தேர்ந்தெடுக்கலாம். பார்க்க 1990-களின் ஏடிஎம் திரை மாதிரி இருக்கும், ஆனால் வேலை சுத்தம். அப்புறம் ஆரம்ப நிலையை எழுத ஒரு சி கோப்பு, கட்டங்களின் எண்ணிக்கை, முடிவு நேரம், எல்லை நிபந்தனை போன்றவற்றுக்கு ஓர் உரைக்கோப்பு. ஒரு மாலையில் முடிந்துவிட்டது. இதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

முதலில் ஓட்டியது, எல்லோரும் ஓட்டுகிற அதிர்ச்சிக் குழாய். ஒரு நீளக் குழாய், நடுவில் தட்டி. இடப்பக்கம் அடர்த்தி 1, அழுத்தம் 1. வலப்பக்கம் அடர்த்தி 0.125, அழுத்தம் 0.1. குழாயின் நீளவாக்கில் காந்தப்புலம் 0.5, குறுக்குவாக்கில் இந்தப் பக்கம் 1, அந்தப் பக்கம் மைனஸ் 1. நேரம் சுழியில் தட்டியை எடுத்துவிட வேண்டியதுதான். காந்தம் இல்லாத வாயுவாக இருந்தால் மூன்று அலைகளோடு கதை முடிந்துவிடும். காந்தம் சேர்ந்தால் ஏழு: விரைவலை இரண்டு, மெதுவலை இரண்டு, ஆல்ஃவேன் அலை (காந்தக் கோட்டின் அதிர்வு, கீழே வரும்) இரண்டு, நடுவில் பொருளோடு சேர்ந்தே நகரும் ஒரு தொடுமுகம். இந்த ஏழையும் எவ்வளவு பிரித்துக் காட்டுகிறது என்பதில்தான் ஒரு நிரலின் யோக்கியதை தெரியும். (இந்தக் குறிப்பிட்ட குழாயில் புலம் ஒரே தளத்தில் கிடப்பதால் ஆல்ஃவேன் அலைகள் தலைகாட்டாது. எனக்கு இது தெரியாமல் இரண்டு நாள் அவற்றைத் தேடினேன்.)

பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களுக்கு நடுவே என்ன பாய்கிறது என்று கணிக்கும் முறைக்குத் தீர்வி என்று பெயர், அதில் புளூட்டோ நமக்குத் தேர்வு தருகிறது. எச்எல்எல் என்பது இரண்டே அலைகளை வைத்துச் சமாளிக்கும் முரட்டுத் தீர்வி, எச்எல்எல்சி மூன்றை வைக்கிறது, எச்எல்எல்டி ஐந்தை வைக்கிறது. சார்பியல் காந்தப் பாய்மத்துக்கான இந்த எச்எல்எல்டி முறையை 2009-இல் வெளியிட்டதே மின்யோனே குழுதான், ஆக சொந்தக் கடையின் சொந்தச் சரக்கு. 400 கட்டங்களில் எச்எல்எல் வைத்து ஓட்டினால் நடுவில் உள்ள தொடுமுகம் மழையில் நனைந்த மை மாதிரி பரவிக் கிடக்கும், அதே கட்டங்களில் எச்எல்எல்டி வைத்தால் விளிம்பு தெரியும். உரைக்கோப்பில் மாற்றுவது ஒரே ஒரு சொல். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான், பாடப்புத்தகத்தில் பத்துப் பக்கம் படித்தும் மண்டையில் ஏறாத விஷயம் எனக்கு ஏறியது.

சரி, இப்போது முக்கியமான கட்டம். காந்த வெடிப்புச் சோதனை.

1999-இல் கோமிசரோவ் என்ற ஆராய்ச்சியாளர் கொடுத்த சோதனை இது. இருபரிமாணச் சதுரம், நடுவில் சூடான வட்டம், வட்டத்துக்குள் அடர்த்தி 0.01, அழுத்தம் 1. வெளியே அடர்த்தி 0.0001, அழுத்தம் 0.00003. எல்லா இடத்திலும் ஒரே திசையில் ஒரே அளவு காந்தப்புலம். புலம் 0.1 என்று வைத்தால் வெடிப்பு கொஞ்சம் நீள்வட்டமாகும், அழகாக இருக்கும், புளூட்டோ முணுமுணுக்காமல் ஓட்டிவிடும். அந்தத் தைரியத்தில் நான் புலத்தை 1 ஆக்கினேன். கொஞ்ச நேரத்தில் திரை முழுக்க ஒரே எச்சரிக்கை, அழுத்தம் சுழிக்குக் கீழே போய்விட்டது என்று வரிசையாக. அப்புறம் எண் அல்லாத எண்கள். அப்புறம் நின்றுவிட்டது.

முதலில் நிரலைத்தான் திட்டினேன். பிறகு ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தால் தப்பு நிரலில் இல்லை, நான் கேட்ட கேள்வியிலேயே கண்ணிவெடி இருக்கிறது. புலம் 1 என்றால் காந்த ஆற்றல் அதன் வர்க்கத்தில் பாதி, 0.5. வெளி வாயுவின் அக ஆற்றல் சுமார் 0.00009. நிரல் கட்டத்துக்குக் கட்டம் காப்பாற்றிக்கொண்டு போவது அழுத்தத்தை அல்ல, மொத்த ஆற்றலை. அந்த மொத்தத்திலிருந்து இயக்க ஆற்றலையும் காந்த ஆற்றலையும் கழித்துத்தான் அழுத்தத்துக்கு வர வேண்டும். ஆக காந்த ஆற்றலில் 0.02 சதவீதம் பிசகினால் போதும், வாயுவின் வெப்பம் மொத்தமும் காணாமல் போகும், ஏன், கடனிலேயே போய்விடும். லாரியோடு சேர்த்து எடைபோட்டு, லாரி எடையைக் கழித்து, அதன் சீட்டில் கிடக்கும் கறிவேப்பிலைக் கொத்தின் எடையைக் கண்டுபிடிக்கச் சொன்ன கதைதான்.

சார்பியலில் இது இன்னும் மோசம். சாதாரணப் பாய்மத்தில் அந்தக் கழித்தல் ஒரே வரி. இங்கே அடர்த்தி, உந்தம், ஆற்றல் மூன்றிலும் லாரன்ட்ஸ் காரணி (வேகம் ஒளிவேகத்தை நெருங்க நெருங்க ஏறிக்கொண்டே போகும் எண்) நுழைந்து உட்கார்ந்திருக்கிறது, அந்தக் காரணிக்கு வேகம் வேண்டும், வேகத்துக்கு அழுத்தம் வேண்டும், அழுத்தத்துக்கு அந்தக் காரணி வேண்டும். நேரடிச் சூத்திரம் போட்டு அவிழ்க்க வழியில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு நேரப்படியிலும் நியூட்டன் முறையில் ஊகித்து, திருத்தி, மறுபடி ஊகித்துத்தான் வர வேண்டும். இந்தத் துறையில் இருப்பவர்களின் தூக்கம் கெடுவது பெரும்பாலும் இந்த ஒரு படியில்தான்.

புளூட்டோ இதற்கு என்ன செய்கிறது? மூன்று கைப்பிடிகள் தருகிறது. ஒன்று, கடைசிப் பாதுகாப்பாக அழுத்தத்துக்கு ஒரு தரைமட்டம் வைக்கலாம், அதற்குக் கீழே போனால் பிடித்து நிறுத்தும். அதிர்ச்சி அலை வரும் கட்டங்களில் மட்டும் தானாக எச்எல்எல் முறைக்கு இறங்கும்படிச் சொல்லலாம். என்ட்ரோபி சுவிட்ச் என்று ஒன்று இருக்கிறது, அதிர்ச்சி இல்லாத இடங்களில் ஆற்றலுக்குப் பதில் என்ட்ரோபியைக் காப்பாற்றி, அதிலிருந்து அழுத்தத்தை எடுக்கும், அப்போது அந்த லாரிக் கழித்தலே தேவைப்படாது. இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்துப் போட்டபோது என் வெடிப்பு கடைசி வரை ஓடியது. படத்தில் வட்டம் காணாமல் போய், காந்தக் கோட்டின் வழியே இரண்டு பக்கமும் பிதுங்கிய ஒரு மெல்லிய பட்டை, குறுக்கே அசைய முடியாமல். அந்தப் படத்தைக் கொஞ்ச நாள் போனில் வால்பேப்பராக வைத்திருந்தேன், வீட்டில் யாருக்கும் அது என்னவென்று புரியவில்லை.

இதே சோதனையில் இன்னொரு சங்கதி. ஆல்ஃவேன் அலை தெரியும்தானே, 1942-இல் ஹானஸ் ஆல்ஃவேன் சொன்னது, காந்தக் கோடு வீணைத் தந்தி மாதிரி அதிர்ந்து அந்த அதிர்வு ஓடுவது. அதன் வேகத்துக்குப் பழைய சூத்திரம், புலத்தை அடர்த்தியின் வர்க்கமூலத்தால் வகுப்பது. மேலே சொன்ன வெளி வாயுவில் புலம் 1, அடர்த்தி 0.0001. வகுத்தால் 100. இந்த அலகில் ஒளிவேகம் 1, அதாவது ஒளியின் வேகத்தைப்போல 100 மடங்கு! நடக்காத காரியம். சார்பியல் சூத்திரத்தில் வகுக்கும் பக்கம் காந்தப்புலத்தின் வர்க்கமும் வந்து சேர்ந்துகொள்கிறது, ஏனென்றால் ஆற்றல் என்றாலே நிறை, காந்தப்புலமும் தன் சொந்தக் கனத்தைச் சுமந்துகொண்டுதான் அசைய வேண்டும். அப்படிப் போட்டால் 0.9999 வருகிறது. எவ்வளவு புலத்தை ஏற்றினாலும் 1-ஐத் தாண்டாது. இன்னொரு பக்கம், சாதாரணக் காந்தப் பாய்மவியலில் சில்லறை என்று ஒதுக்கிவிடும் இடப்பெயர்ச்சி மின்னோட்டத்தை (மின்புலம் மாறுவதால் வருவது) இங்கே ஒதுக்க முடியாது, மின்புலம் காந்தப்புலத்துக்குச் சமமாக வந்து நிற்கும். பிரெஞ்சுக் கணிதவியலாளர் லிஷ்னெரோவிச் போன்றவர்கள் 1960-களில் கணிதமாகக் கட்டிவைத்த கோட்பாடு இது. சமன்பாடாகப் பார்த்தால் மிரட்டும், இப்படி ஒரு கட்டத்தின் எண்களைக் கையில் எடுத்துப் பார்த்தால் வழிக்கு வரும். புளூட்டோவுக்கு நான் கொடுக்கும் மதிப்பெண்ணில் பாதி இதற்காகத்தான், ஒவ்வொரு கட்டத்தையும் எட்டிப் பார்க்கவும் சி கோப்பைத் திறந்து எந்த வரியில் என்ன நடக்கிறது என்று தேடவும் விடுகிறது.

அலகு விஷயத்தில் நான் பட்ட அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன், யாராவது தப்பித்துக்கொள்ளட்டும். நிரலுக்குள் எல்லாம் அலகில்லா எண்கள்தான். நாம் அடர்த்திக்கும் நீளத்துக்கும் வேகத்துக்கும் அலகு கொடுத்து வெளியே மாற்றிக்கொள்ள வேண்டும். தொடக்கத்தில் வேக அலகு நொடிக்கு 1 கிலோமீட்டர் என்று இருக்கும், சார்பியல் பிரிவில் அதை ஒளிவேகமாக மாற்றியாக வேண்டும். அதைச் சரியாகச் செய்துவிட்டேன். கோட்டைவிட்டது காந்தப்புலத்தில். நிரலின் காந்தப்புலத்துக்குள் 4 பையின் வர்க்கமூலம் ஏற்கெனவே விழுங்கப்பட்டிருக்கிறது, காஸ் அலகுக்கு வரும்போது அதைத் திரும்பப் பெருக்க வேண்டும். கன சென்டிமீட்டருக்கு ஒரு புரோட்டான் என்ற அடர்த்தியில் நிரலின் 1 என்பது சுமார் 0.137 காஸ். நான் 0.039 என்று எழுதிவைத்திருந்தேன். புலத்தில் மூன்றரை மடங்குப் பிழை, ஆற்றலில் பன்னிரண்டரை மடங்கு. முனைவர் பட்டம் படிக்கும் நண்பனிடம் படத்தைப் பெருமையாகக் காட்ட, அவன் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "மாப்ள, நாலு பை எங்கடா?" என்றான். கையேட்டில் இது தெளிவாகவே இருக்கிறது. நான்தான் படிக்கவில்லை.

கையேடு என்றதும், அதைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும். இலவச அறிவியல் நிரல்களோடு வரும் கையேடு பொதுவாக எழுதியவரைத் தவிர யாருக்கும் புரியாது. இது அப்படியில்லை. ஒவ்வொரு பிரிவின் சமன்பாடும், எந்தத் தேர்வு எதோடு ஒத்துப்போகும், எதோடு போகாது என்பதும் எழுதியிருக்கிறார்கள். சோதனைக் கோப்புறையில் தயாராக ஓட்டக்கூடிய மாதிரிகள் ஏராளம், பெரும்பாலானவற்றில் மேலேயே இது எந்தச் சோதனை, என்ன எதிர்பார்க்கலாம் என்று குறிப்பு உண்டு. புதிதாக ஒன்று எழுதுவதைவிட அதில் நெருங்கிய ஒன்றைப் பிரதி எடுத்து மாற்றுவதுதான் உத்தமம்.

காந்தப்புலத்தின் டைவர்ஜென்ஸ் சுழியாக இருக்க வேண்டும், அதாவது காந்தக் கோடு எங்கேயும் தொடங்கவும் முடியவும் கூடாது என்ற பழைய விதி இங்கேயும் தலைவலிதான். கணக்குப் பிழையில் கட்டத்துக்குள் இல்லாத காந்த ஒருமுனை முளைத்து, பாய்மத்தைத் தப்பான திசையில் தள்ளும். மூன்று வழி தருகிறார்கள். நான் கடைசியில் நிலைத்தது கட்டங்களின் முகங்களில் புலத்தை வைத்து நகர்த்தும் முறையில். அதில் பிழை கணினியின் கடைசி இலக்கத்தைத் தாண்டுவதில்லை, ஆனால் ஒரு நிபந்தனை, ஆரம்பப் புலமே சுத்தமாக இருக்க வேண்டும். சுருள் வடிவப் புலம் வேண்டும் என்றால் நேரடியாக எண்களைத் திணிக்காமல் வெக்டர் பொட்டன்ஷியலாக (காந்தப்புலத்தை வருவிக்கும் மூலப் புலம்) கொடுங்கள், அதற்கென்றே ஒரு தேர்வு இருக்கிறது. நான் முதலில் திணித்தேன், ஆரம்பத்தில் இருந்த அழுக்கைக் கடைசி வரைக்கும் அது பத்திரமாகக் காப்பாற்றிக் கொடுத்தது.

வாயுவின் தன்மையைச் சொல்லும் இடத்திலும் ஒரு சிபாரிசு. பழக்கதோஷத்தில் காமா (வாயுவின் அழுத்தத்தையும் அக ஆற்றலையும் இணைக்கும் எண்) 4/3 அல்லது 5/3 என்று ஒரே எண்ணைப் போட்டுவிடாதீர்கள். கருந்துளை போன்றவை பீய்ச்சி அடிக்கும் பீச்சுதாரைக்குள் பிளாஸ்மா குளிர்ந்திருக்கும், அதற்கு 5/3 பொருந்தும். அது வெளிவாயுவில் முட்டி அதிர்ச்சி அடைந்த இடத்தில் கொதிக்கும், அங்கே 4/3. டாப் என்ற பெயரில் இருக்கும் தேர்வு இந்த இரண்டுக்கும் நடுவே தானாக வழுக்கிப் போகும். ஓடும் நேரம் பெரிதாகக் கூடுவதில்லை.

வேகம் எப்படி? ஒருபரிமாணம் கண் சிமிட்டும் நேரம். இருபரிமாணம் 400க்கு 400 என்றால் டீ போட்டுக் குடிக்கும் நேரம். முப்பரிமாணத்தில்தான் மூச்சு வாங்கும். கட்ட அளவைப் பாதியாக்கினால் கட்டங்கள் எட்டு மடங்கு, நேரப்படிகள் இரண்டு மடங்கு, ஆக செலவு 16 மடங்கு. ஒளிவேகத்தை நெருங்கும் அலைகள் எல்லா இடத்திலும் இருப்பதால் நேரப்படி பெரிதாகவும் வழியில்லை. ஒருமுறை ஆசைப்பட்டு, கணினி நேரத்தை வாடகைக்கு விடும் ஒரு நிறுவனத்தில் காசு கட்டி முப்பரிமாணப் பீச்சு ஒன்றை ஓட்டினேன், பாதி ராத்திரியில் அவர்கள் இயந்திரத்தை எடுத்துக்கொண்டார்கள், மீட்புக் கோப்பை அடிக்கடி எழுதச் சொல்லாமல் விட்டது என் தப்பு. புளூட்டோ விட்ட இடத்திலிருந்து தொடங்கும், ஆனால் விட்ட இடம் வட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டுமே.

இனி இல்லாதவை. பெரிய ஒன்று, பொதுச் சார்பியல் கிடையாது. வெளி தட்டையானது, அவ்வளவுதான். கருந்துளைக்கு வெகு தொலைவில் போய்விட்ட பீச்சு, பல்சர் காற்று, நண்டு நெபுலா மாதிரியானவை என்றால் கவலையில்லை. கருந்துளையைச் சுற்றும் வாயு வட்டையே பார்க்க வேண்டும் என்றால் இந்தக் கடையில் கிடைக்காது. 2019 ஏப்ரல் 10-இல் எம்87 கருந்துளையின் படம் வந்ததே, அதற்குப் பின்னால் 43 உருவகக் கணிப்புகளும் அவற்றிலிருந்து எடுத்த 60,000-க்கும் மேற்பட்ட படங்களும் இருந்தன, எல்லாம் வளைந்த வெளியில் காந்தப் பாய்மம். அதே ஆண்டு அந்த வகை நிரல்கள் ஒன்பதை ஒரே வட்டின் மேல் ஓட்டி ஒப்பிட்டும் பார்த்தார்கள். அதில் இருந்த ஏதெனா++, பிஎச்ஏசி போன்றவையும் பொதுவில் கிடைக்கின்றன, அங்கே போங்கள். ஆனால் நேராக அங்கே போய் விழாதீர்கள், அழுத்தம் சுழிக்குக் கீழே போகும் நோய் அங்கேயும் உண்டு, வளைந்த வெளியில் அதைக் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம்.

அடுத்தது பாகுநிலை, வெப்பக் கடத்தல். சாதாரணப் பிரிவுகளில் இருக்கின்றன, சார்பியல் பிரிவில் இல்லை. இதற்காக நிரலைக் குறை சொல்ல மாட்டேன். 1940-இல் எக்கார்ட் எழுதிய நேரடியான சார்பியல் பாகுநிலைச் சமன்பாடுகள் ஓய்ந்து கிடக்கும் பாய்மத்தையே நிலைகுலைய வைக்கும் என்று 1985-இல் ஹிஸ்காக்கும் லிண்ட்புளோமும் காட்டினார்கள். கோட்பாட்டிலேயே இவ்வளவு சிக்கல் உள்ள பொருளை அலமாரியில் வைக்காமல் விட்டது நல்லதுதான். மின்தடைக்கு மட்டும் 2019-இல் அதே குழு ஒரு முறையை வெளியிட்டது, காந்தக் கோடுகள் அறுந்து மறுபடி இணைவதைப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு அது வேண்டும். நான் இன்னும் அந்தப் பக்கம் போகவில்லை.

படம் வரையும் பக்கம் எனக்குச் சுமார்தான். பைதானில் வாசிக்க ஒரு தொகுப்பு வருகிறது, போதுமானது. நான் கோப்புகளை மட்டும் அதில் வாசித்து, மீதியை நானே மேட்பிளாட்லிப் என்ற பைதான் வரைபடத் தொகுப்பில் வரைந்துகொள்கிறேன்.

ஐந்துக்கு நாலரை. யாராவது இதைப் படித்துவிட்டு இன்றிரவே தொடங்குவதாக இருந்தால், சார்பியல் காந்தப் பாய்மக் கோப்புறைக்குள் போய் அதிர்ச்சிக் குழாயை எடுங்கள், எச்எல்எல்லிலும் எச்எல்எல்டியிலும் ஒருமுறை ஓட்டுங்கள், அப்புறம் வெடிப்புக்கு வந்து புலத்தை 0.1-இலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். எந்த எண்ணில் முதல் எச்சரிக்கை வருகிறது என்று குறித்துவையுங்கள். என் அமைப்பில் எவ்வளவு என்று சொல்லமாட்டேன், சொன்னால் நீங்கள் ஏற்றிப் பார்க்க மாட்டீர்கள்.